துணி அச்சும் செம்புப் பலகையும்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உள்ளே இருக்கும் பழுப்பு நிறப் பலகை நினைவிருக்கும். ஒரு பக்கம் வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், கண்டென்சர்கள், மூன்று கால் டிரான்சிஸ்டர்கள். பலகையைத் திருப்பினால் கம்பியே இருக்காது. வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடுகளும் அவற்றின் மேல் ஈயப் பொட்டுகளும்தான் இருக்கும். இதன் முழுப்பெயர் பிரின்டட் சர்க்யூட் போர்டு. கடைக்காரர்கள் பிசிபி என்பார்கள். ரிப்பேர் கடையில் வெறும் போர்டு.

பெயரில் இருக்கும் 'பிரின்டட்' என்ற சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. இந்தப் பலகைக்கு வழி காட்டியது அச்சுத் தொழில். அதனால்தான் துணியில் அச்சடித்துப் பிழைக்கும் நம் பக்கத்தில், இன்ஜினியரிங் படிக்காதவர்களும் இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடிந்தது. 1980-களிலும் 90-களிலும் அவிநாசி, திருப்பூர், சோமனூர் வட்டாரத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கற்றவர்கள் சிலர் சொந்தமாகப் பலகை செய்தார்கள். அந்த வேலை எங்கிருந்து வந்தது, நம்மிடம் எப்படி ஒட்டிக்கொண்டது, போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பலகைக்கு முன்னால்

வால்வு ரேடியோ காலத்தில் பலகை கிடையாது. தகரப் பெட்டி மாதிரி ஒரு சேசிஸ். மேலே வால்வுகள், டிரான்ஸ்ஃபார்மர். அடியில் திருப்பினால் ஒரு கம்பிக் காடு. ஒவ்வொரு உருப்படியையும் கையால் வளைத்து, அடுத்த உருப்படியின் காலோடு முறுக்கி, ஈயம் வைக்க வேண்டும். ஒரு ரேடியோவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள் வரும். ஒரே ஆள் செய்த இரண்டு ரேடியோக்கள்கூட உள்ளே ஒரே மாதிரி இருக்காது.

அந்தக் கம்பிக் காட்டிலேயே புகுந்து விளையாடிய பொழுதுபோக்கு ஆட்கள் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். சென்னையில் 1924 மே 16-ம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்க வானொலி வருவதற்கு வெகு காலம் முன்பு! பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ல்தான் ஆல் இந்தியா ரேடியோ அந்த வேலையை எடுத்துக்கொண்டது. திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில் வந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் காதில் முதலில் விழுந்த வானொலி அநேகமாகத் திருச்சியாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூரைப் பற்றிச் சொன்னால் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1893-ல் கலங்கலில் பிறந்தவர், பஸ் ஓட்டித் தொடங்கி, மோட்டார், சவரக் கத்தி, கணக்கு மெஷின் என்று தொடாத துறை இல்லை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். யு.எம்.எஸ். என்ற பெயரில் ரேடியோ தொழிற்சாலையும் கோவையில் நடந்தது. அவர் பெயரிலான பொருட்காட்சிக் கூடம் இன்றும் கோவை அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது. நம் ஊரை நோக்கி வரும் அந்த ஒரே ரோட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி (1951), நெசவு ஆராய்ச்சிக்கான சிட்ரா (1956) எல்லாமே வரிசையாக வந்தன. கையால் செய்து பார்ப்பது ஒரு கௌரவம் என்ற எண்ணம் இந்த ரோட்டோரத்தில் நெடுங்காலமாக உண்டு.

அச்சாபீசிலிருந்து ரேடியோவுக்கு

பால் ஐஸ்லர் 1907-ல் வியன்னாவில் பிறந்த யூதர். இன்ஜினியரிங் படித்தார். யூதர் என்பதால் சரியான வேலை கிடைக்கவில்லை. வியன்னாவில் ஒரு பத்திரிகை, அச்சு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அச்சுத் தொழிலின் நெளிவு சுளிவுகளைத் தெரிந்துகொண்டார். 1936-ல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, கம்பிகளுக்குப் பதிலாகப் பலகையில் செம்புக் கோடுகள் வைத்து ஒரு ரேடியோ செய்து காட்டினார்.

அவர் யோசித்தது எளிமையான விஷயம். ஒரு படத்தை ஆயிரம் பிரதி எடுக்க அச்சாபீசுக்குத் தெரியும். மின்சாரம் போகும் பாதையும் ஒரு படம்தானே? அதையும் ஏன் அச்சடிக்கக் கூடாது?

நம்மில் அச்சாபீஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு 'பிளாக்' நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் போட, பேப்பரில் போட்டோ போட, பிளாக் செய்யக் கொடுப்பார்கள். செம்புத் தகட்டில் படத்தை ஒளியால் பதிய வைத்து, படம் இருக்கும் இடத்தை மூடி, மற்ற இடத்தை ஃபெரிக் குளோரைடு என்ற உப்பின் கரைசலால் அரித்து எடுப்பது அந்தத் தொழிலின் முறை. செம்புப் பலகை செய்வதும் அதே முறைதான். பிளாக்கில் தகடு மேடு பள்ளமாகும் வரை அரித்தால் போதும். பலகையில் மெல்லிய செம்பு முழுக்கக் கரைந்து அடிப்பலகை தெரியும் வரை அரிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஐஸ்லர் தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பிளெஸ்ஸி என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் இதுதான்: கம்பி இணைக்கும் வேலையை இளம்பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் கூலி மலிவு, எந்த வேலைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் மில் வாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது. மெஷின் வருவதும் வராததும் மெஷினின் தரத்தைப் பொறுத்து மட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் நிற்கும் பெண்பிள்ளையின் கூலி எவ்வளவு என்பதையும் பொறுத்தது.

பிறகு அவருக்குக் கைகொடுத்தது இசைக் குறிப்புகளை அச்சடிக்கும் ஒரு லண்டன் அச்சாபீஸ். 1943-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தச் சமயம் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. விமானத்தின் மேல் மோதாமலே, அதன் அருகில் போனவுடன் தானாக வெடிக்கும் குண்டை அமெரிக்கர்கள் செய்தார்கள். அதற்குள் ஒரு குட்டி ரேடியோ இருக்க வேண்டும். பீரங்கியிலிருந்து புறப்படும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இந்தத் தேவையிலிருந்துதான் சர்க்யூட்டை அச்சடிக்கும் வேலைக்கு வேகம் வந்தது. பீங்கான் தகட்டின் மேல் வெள்ளி கலந்த மையை வலைத்துணி வழியாகத் தள்ளி அச்சடித்தார்கள். வலைத்துணி என்று சொன்னதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

போர் முடிந்து 1948 வாக்கில் இந்த முறை பொது உபயோகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பலகையில் துளை போட்டு, உருப்படிகளின் கால்களை நுழைத்து, உருகிய ஈயத்தில் ஒரே முக்காக முக்கி எடுக்கும் முறையும் அதை ஒட்டியே அமெரிக்க ராணுவத்தில் வந்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் பலகை இல்லாத ரேடியோவே இல்லை என்றாகிவிட்டது. ஐஸ்லருக்கு அதனால் பெரிய பணம் சேரவில்லை. அவருக்கு முன்பே சிலர் இதே மாதிரி யோசித்திருந்ததால் அமெரிக்க நீதிமன்றத்தில் அவருடைய காப்புரிமை நிற்கவில்லை. 1992-ல் லண்டனில் இறந்தார்.

நம் நாட்டுக்கு வந்தது

இந்தியாவில் 1954-ல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. 1969-ல் டெல்லியிலிருந்து 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' என்ற ஆங்கில மாத இதழ் வர ஆரம்பித்தது. 1971-ல் எலெக்ட்ரானிக்ஸ் கமிஷன், 1977-ல் தமிழ்நாட்டுக்கு எல்காட். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பு மையம் தொடங்கி, அங்கிருந்து வால்டர் பாஸ்ஹார்ட் என்பவர் பிசிபி செய்வதைப் பற்றி எழுதிய புத்தகம் 1983-ல் வந்தது. பாலிடெக்னிக் மாணவர்கள் பல வருஷம் அதைத்தான் படித்தார்கள்.

எங்கள் மாதிரி ஊர்களில் பெரிய வேலை செய்தது அந்த மாத இதழ்தான். ஒவ்வொரு மாதமும் நாலைந்து சர்க்யூட் வரும். சர்க்யூட் படத்தோடு, செம்புக் கோடுகள் எப்படி ஓட வேண்டும் என்ற படத்தையும் அசல் அளவிலேயே அச்சடித்துப் போடுவார்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், படம் பேசிவிடும். திருப்பூரில் ஒருவர் வாங்கினால் ஐந்து பேர் கை மாறி அவிநாசிக்கு வரும். உருப்படி வாங்கக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே கிடைக்காதது சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் கிடைக்கும். சென்னைக்கு யாராவது கல்யாணத்துக்குப் போனால் அவர் கையில் ஒரு சீட்டு போகும்: 555 ஐசி இரண்டு, 12 வோல்ட் ரிலே நான்கு, செம்புப் பலகை அரை அடிக்கு அரை அடி.

வீட்டில் பலகை செய்த விதம்

கடையில் கிடைக்கும் வெறும் பலகை இரண்டு வகை. காகிதமும் பிசினும் சேர்த்து அழுத்திய பழுப்புப் பலகை மலிவு. கண்ணாடி நாரில் செய்த வெளிர்ப் பச்சைப் பலகைக்கு விலை கூடுதல், பலமும் கூடுதல். பருமன் 1.6 மில்லி மீட்டர். ஒரு பக்கம் முழுக்கச் செம்பு ஒட்டியிருக்கும். அந்தச் செம்பின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறக்குறையப் பாதி.

முதலில் ஹேக்ஸா பிளேடால் வேண்டிய அளவுக்கு அறுத்து, சபீனாவோ விளக்கும் பொடியோ போட்டு, சாமி விளக்கைத் துலக்குவது போல் துலக்க வேண்டும். அதன் பிறகு செம்பின் மேல் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, அரிப்பும் சரியாக இருக்காது. இதழில் வந்த படத்தைக் கார்பன் பேப்பர் வைத்துச் செம்பின் மேல் நகல் எடுப்பார்கள். துளை வர வேண்டிய இடங்களில் ஊசியால் லேசாகக் குத்தி அடையாளம். பிறகு மெல்லிய தூரிகையால் இனாமல் பெயிண்ட் தொட்டுக் கோடு இழுக்க வேண்டும். பெயிண்ட் இல்லாத வீட்டில் தங்கச்சியின் நகப்பாலிஷ் காணாமல் போகும். பின்னாளில் அழியாத மை உள்ள மார்க்கர் பேனா வந்தது. ஐசியின் கால்களுக்கு இடையே இடைவெளி ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில் பெயிண்ட் ஒன்றோடொன்று சேராமல் பொட்டு வைக்க, கோலம் போடும் கை வேண்டும்.

இதில் எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. உருப்படிகள் பலகையின் மேல் பக்கம், கோடுகள் கீழ்ப் பக்கம். அதனால் மேலிருந்து பார்க்கும் படமும் கீழிருந்து பார்க்கும் படமும் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாக மாறிவிடும். மர அச்சு செதுக்குகிறவர்களுக்கு இது கைவந்த கலை. எழுத்தைத் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் துணியில் நேராக விழும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயிண்ட் காய்ந்த பிறகு அரிப்பு. ஃபெரிக் குளோரைடு கல் கல்லாக, வெல்லக்கட்டி நிறத்தில் கிடைக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் எடுத்து, அதில் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கரையும்போதே சூடேறும். அலுமினியப் பாத்திரத்தில் போட்டால் பாத்திரத்தையே தின்றுவிடும். வேட்டியில் பட்டால் துருக்கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. பலகையை அதில் மிதக்கவிட்டு டப்பாவை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டில் ஆட்டுவது மாதிரி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் 20 நிமிஷம், அரை மணி. சித்திரை வெயிலில் வாசலில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

உள்ளே நடப்பது இதுதான்: ஃபெரிக் உப்பிலுள்ள இரும்பு, செம்பிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு படி இறங்கி ஃபெரஸ் ஆகிறது. எலெக்ட்ரானை இழந்த செம்பு, செம்புக் குளோரைடாகத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. பெயிண்ட் மூடிய இடத்தை அது தொட முடியாது. ஓரத்தில் முதலில் இளஞ்சிவப்பாகச் செம்பு மெலியும், பிறகு திட்டுத் திட்டாகப் பலகை தெரியும், கடைசியில் கோடுகள் மட்டும் மிஞ்சும். சீக்கிரம் எடுத்தால் கோடுகளுக்கு நடுவே செம்பு மிச்சமிருந்து ஷார்ட் ஆகும். தாமதமாக எடுத்தால் பெயிண்டுக்கு அடியிலும் அரித்துக் கோடு அறுந்துபோகும்.

மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. பாத்திக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. பலகையில் பெயிண்ட் பூசிய இடத்தில் செம்பு கரையாது. காக்க வேண்டியதை மூடு, மற்றதை விட்டுவிடு. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே.

கழுவி, தின்னர் தொட்டுப் பெயிண்டைத் துடைத்தால் செம்புக் கோடுகள் பளபளவென்று வரும். பிறகு துளை. ஐசிக்கு 0.8 மில்லி மீட்டர், ரெசிஸ்டருக்கு 1 மில்லி மீட்டர். பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாரில் பிட்டை மாட்டித் துளை போட்டவர்கள் உண்டு. கடைசியாக, ரோசினைச் சாராயத் தின்னரில் கரைத்து ஒரு பூச்சு. செம்பு கறுக்காது, ஈயமும் நன்றாகப் பிடிக்கும்.

வலைத்துணி

ஒரு பலகை செய்வதற்குத் தூரிகை போதும். ஐம்பது பலகை வேண்டுமென்றால் கை வலிக்கும். இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது.

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் தொடங்கியது. 1970-களின் கடைசியில் ஏற்றுமதி ஆரம்பித்து, 80-களில் டீ-சர்ட்டாகப் பெருகியது. டீ-சர்ட் என்றால் நெஞ்சில் ஒரு படம். அதற்காக ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. மரச் சட்டத்தில் வலைத்துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, அதில் ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, மேலே படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், படம் மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் திறந்துகொள்ளும். பிறகு ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த கண்கள் வழியாக மை இறங்கித் துணியில் படமாகிவிடும்.

இந்த வலைத்துணி ஆதியில் ஐரோப்பிய மாவு மில்களில் மாவு சலிக்கப் பட்டு நூலில் நெய்தது. சில்க் ஸ்கிரீன் என்ற பெயர் பட்டினால் வந்தது. இப்போது பாலியெஸ்டர். போர்க்காலத்தில் பீங்கான் தகட்டில் சர்க்யூட் அச்சடித்ததும் இந்த முறையில்தான். பிசிபி தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் செம்பின் மேல் மை அச்சடித்ததும் இதே ஸ்கிரீனில்தான்.

ஆக, பலகைக்கு வேண்டிய சாமான் எல்லாம் திருப்பூர்ச் சந்துகளில் ஏற்கனவே இருந்தது. மையை மட்டும் மாற்ற வேண்டும். துணிக்குத் துவைத்தாலும் போகாத மை, பலகைக்கு அரிப்பைத் தாங்கி, பிறகு தின்னரில் போய்விடும் மை. பகலில் பனியனில் மிக்கி மவுஸ் அச்சடித்த மேஜையில், வேலை முடிந்த பிறகு செம்புப் பலகையில் சர்க்யூட் அச்சடித்த பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அச்சடித்தவருக்கு ரெசிஸ்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அரை மில்லி மீட்டர் கோடு பிசிறில்லாமல் விழ மை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், வலை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று எந்த இன்ஜினியரைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

எதற்காகச் செய்தார்கள்

பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தாலும் நம் ஊரில் எதுவும் வெறும் பொழுதுபோக்காக நிற்காது. ஊருக்கு என்ன வேண்டுமோ அது பலகையில் ஏறியது.

முதலில் கிணற்று மோட்டார். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும். ரீவைண்டிங் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் அந்த வெள்ளாமைக் காசு பாதி போச்சு. ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், மூன்று பேஸும் வந்ததும் சில விநாடி பொறுத்து மோட்டாரைத் தானாக எடுத்துவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர், இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரு சின்னப் பலகை: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. முறை வைத்து நடுராத்திரியில் கரண்ட் விட்ட காலத்தில், இந்தப் பலகை இருந்த விவசாயி தோட்டத்துக்கு ஓடாமல் தூங்கினார். "ஏனுங் தம்பி, நம்ம போர்டு ஆச்சுங்ளா?" என்று கடை வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்பவர்கள் இவர்கள்தான்.

அடுத்து ஸ்டெபிலைசர். வோல்டேஜ் குறைந்து டிவி படம் சுருங்கிய காலம் அது. பிறகு தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் பலகை. தறி, நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷினை நிறுத்தும் பலகை. நூல் அறுந்ததைக் கவனிக்காமல் ஓடினால் துணியில் ஓட்டை விழுந்து ரோலே போய்விடும்.

இன்னொன்று திருவிழா. சித்திரைத் தேருக்கு நம் ஊரில் போடும் சீரியல் செட்டைப் பார்க்கவே சுற்றுப்பட்டிலிருந்து ஆள் வரும். முன்பு, மோட்டாரில் சுழலும் உருளையில் செம்புத் தகடு ஒட்டி, அது தொட்டுத் தொட்டு விலகுவதில் விளக்கு ஓடும். தீப்பொறி பறக்கும், அடிக்கடி தகடு தேயும். பிறகு 555 ஐசியும் 4017 ஐசியும் வந்தன. 555 தாளம் போடும். அந்தத் தாளத்துக்கு 4017 பத்துக் கால்களில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தைக் கை மாற்றும். சாமி கையில் சக்கரம் சுழல்வதும், மயில் தோகை விரிப்பதும் இந்த இரண்டு ஐசியின் வேலை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-ல் அமெரிக்காவில் 555-ஐ வடிவமைத்தபோது, அது அவிநாசியப்பன் தேரோட்டத்தில் மயில் ஆட வைக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

கழிவு நீர்

இதில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. அரித்து முடித்த ஃபெரிக் குளோரைடு கறுத்துப் பச்சையோடும். அதில் கரைந்த செம்பு இருக்கிறது. மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் செம்பு விஷம். சாக்கடையில் ஊற்றுவது எளிது, அப்படித்தான் பெரும்பாலும் நடந்தது. ஒரு வீட்டில் ஒரு டம்ளர் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

ஆனால் "ஒரு டம்ளர்தானே" என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் பக்கத்துக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சாயப்பட்டறையும் கொஞ்சம்தான் விட்டது. நொய்யலும், 1990-களில் வந்த ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று பார்த்தோம். கீழ்மடை விவசாயிகள் வழக்குப் போட்டுப் போராடி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பிறகுதான் படிப்படியாகத் திறந்தார்கள். சிலர் திறக்கவே இல்லை.

பலகை செய்கிறவர்களில் விவரமானவர்கள் கழிவில் சலவைச் சோடாவையோ சுண்ணாம்பையோ கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். நுரைத்து அடங்கியதும் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை உலரவைத்துத் தனியாக வைத்துக்கொள்வார்கள். சாயத்தண்ணீர் சுத்திகரிப்பிலும் சேறு படிய வைப்பதுதான் முதல் படி. இன்றும் வீட்டில் இதைச் செய்து பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு, அரிப்பைச் சொல்லித்தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித்தர வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியும் கூரியரும்

1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர்களில் லேசர் பிரின்டர் வந்ததும் தூரிகைக்கு வேலை போயிற்று. லேசர் பிரின்டரின் மை உண்மையில் பிளாஸ்டிக் பொடி. வழுவழுப்பான காகிதத்தில் சர்க்யூட்டைப் பிரின்ட் எடுத்து, செம்பின் மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பொடி இளகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துக் காகிதத்தை உரித்தால் கோடுகள் தயார். டீ-சர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷினும் இதே காரியத்தைத்தான் செய்கிறது, சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும் என்பதால் இஸ்திரியைவிடச் சுத்தமாக. இங்கேயும் பனியன் பட்டறையின் சாமான் பலகைக்கு உதவியது.

இப்போது அதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து இன்டர்நெட்டில் அனுப்பினால், சீனாவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரண்டு பக்கமும் கோடு போட்டு, துளையிட்டு, பச்சைப் பூச்சும் வெள்ளை எழுத்துமாகப் பலகை கூரியரில் வந்துவிடுகிறது. கையால் செய்ததைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி. உருப்படிகளும் கடுகைவிடச் சிறிதாகி, துளையே இல்லாமல் மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. நகப்பாலிஷை வைத்து இவற்றோடு போட்டி போட முடியாது. போட்டி போட வேண்டியதும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நம் பக்கத்து நிட்டிங் மெஷின்கள் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகின்றன. ஒவ்வொன்றின் மூளையும் ஒரு போர்டு. அது செத்துப்போனால் கம்பெனிக்காரர் புதுப் போர்டு வாங்கு என்பார். விலை லட்சத்தில் போகும், வந்து சேர வாரக் கணக்காகும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும், ஆர்டர் காத்திருக்காது. இந்த நேரத்தில் திருப்பூரில் எங்கோ ஒரு மாடியில் பூதக்கண்ணாடியும் மீட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைத் தேடிப் போகிறார்கள். அவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கருகிய கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொடர்கிறார். சர்க்யூட் படம் அவரிடம் கிடையாது, எந்தக் கம்பெனியும் கொடுக்காது. இருந்தாலும் இரண்டு நாளில் மெஷின் ஓடிவிடுகிறது.

நான் அறிந்த வரை, அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் வயதானவர்கள் அனைவரும் ஒரு காலத்தில் ஃபெரிக் குளோரைடு டப்பாவை ஆட்டியவர்கள். செம்பில் கோடு போட்டுப் பழகியவருக்குத்தான் அடுத்தவர் போட்ட கோட்டைப் படிக்கத் தெரிகிறது. பூமிக்கோடு ஏன் தடிமனாக இருக்கிறது, இந்த இரண்டு கோடுகள் ஏன் விலகிப் போகின்றன என்று அவர்களுக்குக் கேள்வி எழும், பதிலும் கிடைக்கும். எழுதத் தெரிந்தவருக்குத்தான் வாசிக்கவும் நன்றாக வரும் என்பது எழுத்துக்கு மட்டும் உள்ள விதி இல்லை போலிருக்கிறது.

அவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கும் பையன்கள் குறைவு. பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பலகையையாவது தன் கையால் வரைந்து, அரித்து, துளையிட்டு, ஈயம் வைத்து, விளக்கை எரியவிட்டுப் பார்க்கட்டும். கூடவே கழிவைச் சேறாக்கவும் கற்கட்டும். செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. லட்ச ரூபாய்ப் போர்டைப் பயமில்லாமல் கையில் எடுக்கும் அடுத்த ஆள் அந்த வகுப்பிலிருந்துதான் வர வேண்டும்.